சிங்கப்பூர் வானுக்கேற்ற தொலைநோக்கி மோட்டார்க் கட்டுப்பாட்டுக் கருவியை நாமே அமைக்கும் வழி

2016-இல் வெளியான செயற்கை வான்வெளிச்சத்தின் உலக வரைபடம், ஒளிமாசு மிகுந்த நாடுகளின் வரிசையில் சிங்கப்பூரை முதலிடத்தில் வைத்தது. இரவில் கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு இங்கு வானம் வெளிச்சமாக இருக்கிறது. தெரிந்த விண்மீனிலிருந்து அடுத்த விண்மீனுக்குத் தாவித் தாவி ஒரு நட்சத்திரக் கொத்தைத் தேடிப் பிடிக்கும் பழைய முறைக்கு, இடையில் தாவிச் செல்ல விண்மீன்கள் வேண்டும். அவையே தென்படாத ஊரில் அந்த முறை பெரும்பாலும் பலிப்பதில்லை. எனவே, இலக்கின் பெயரைச் சொன்னால் தானே திரும்பி நின்று, பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துப் பின்தொடரும் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு), இங்கே ஆடம்பரமன்று. வான்நோக்குவோருக்கு அது அடிப்படைத் தேவை.

தொழிற்சாலையில் தயாரான அத்தகைய மவுண்டுகளின் விலை அதிகம். ஆனால் கையால் சுற்றும் குமிழ்களோடு வந்த ஈக்யூ5 வகை மவுண்டுகள், வாங்கியவர் பயன்படுத்தாமல் வைத்திருந்து கரோசல் என்னும் இணையச் சந்தையில் விற்பனைக்கு வருவதுண்டு. அவற்றின் உலோக வேலைப்பாடு உறுதியானது. மோட்டாரும் மூளையும்தான் குறை. அந்த இரண்டையும் திறந்த மூல மென்பொருள், எளிதில் கிடைக்கும் மின்னணுப் பலகை ஆகியவற்றைக் கொண்டு சேர்ப்பதையே இங்கு விளக்குகிறேன். 144 பற்கள் கொண்ட வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு சுழன்று திருப்பும் பற்சக்கரம்) உடைய ஈக்யூ5 வகையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். உங்கள் மவுண்ட் வேறாக இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

மவுண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டியது

மின்னணு வேலையைத் தொடங்கும் முன், மவுண்டின் துருவ அச்சு (பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டிய அச்சு) எவ்வளவு தாழ இறங்குகிறது என்று பாருங்கள். துருவ அச்சின் சாய்வு, நாம் இருக்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் அட்சரேகை ஏறத்தாழ 1.35 பாகை வடக்கு. அதாவது இங்கே துருவ அச்சு ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட பல மவுண்டுகள் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. உயரத்தைச் சரிசெய்யும் திருகு தடுக்கிறதா, உடற்பகுதியே அடித்தளத்தில் இடிக்கிறதா என்பதை வாங்குமுன் நேரில் இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது. இறங்காத மவுண்டுக்கு, முக்காலியின் தலைக்கும் மவுண்டுக்கும் இடையே ஆப்பு வடிவ அலுமினியத் தட்டு ஒன்றை வைத்து மீதிச் சாய்வை ஈடுசெய்யலாம்.

அச்சு படுத்திருப்பதால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. மொத்த எடையின் மையம் முக்காலியின் நடுவிலிருந்து வடக்கே நகர்ந்துவிடுகிறது. எனவே முக்காலியின் ஒரு காலை வடக்கு நோக்கி வைத்தால் கவிழும் அபாயம் குறையும். ஆனால் எதிரெடைத் தண்டு கீழ்நோக்கி வரும் நிலையில் அதே காலில் இடிக்கக்கூடும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் இடையே ஒரு நீட்டிப்புக் குழாயைப் பொருத்தி மவுண்டை உயர்த்துவதே இதற்குச் சரியான தீர்வு என்பது என் கருத்து. மோட்டார் பொருத்திய பிறகு இந்த இடிப்பு வெறும் தொல்லையாக நிற்காது: கை சுற்றும்போது தடை தெரிந்ததும் நாம் நிறுத்திவிடுவோம், மோட்டார் நிறுத்தாது.

மென்பொருளும் பலகையும்

ஹோவர்ட் டட்டன் தொடங்கி, பலர் சேர்ந்து வளர்த்துவரும் ஆன்ஸ்டெப் என்ற திறந்த மூல மென்பொருளையே பரிந்துரைக்கிறேன். அதன் அடுத்த தலைமுறை ஆன்ஸ்டெப்எக்ஸ் என வழங்குகிறது. நெடுநாள் புழக்கத்தில் உள்ள எல்எக்ஸ்200 கட்டளை நெறிமுறையை இது புரிந்துகொள்வதால் ஸ்டெல்லேரியம், ஸ்கைசஃபாரி ஆகிய வான்வரைபடச் செயலிகளோடும், ஆஸ்காம், இண்டி ஆகிய கருவி இணைப்பு மென்பொருள்களோடும் இணையும். துருவ அச்சைச் சுற்றித் திரும்பும் ஜெர்மன் வகை ஈக்குவடோரியல் மவுண்டையும், உயரம்–திசை என இரு அச்சில் திரும்பும் மவுண்டையும் ஒரே மென்பொருள் இயக்கும்.

இது ஆர்டுயினோ மெகா, டீன்சி, எஸ்டிஎம்32, ஈஎஸ்பி32 எனப் பல நுண்கட்டுப்படுத்திகளில் ஓடும். முதன்முறை செய்பவருக்கு ஈஎஸ்பி32 பொருத்தமானது: வைஃபை உள்ளமைந்தே வருகிறது, கைபேசியிலிருந்து நேரடியாக இயக்கலாம். முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்காக உருவான எஃப்ஒய்எஸ்இடிசி ஈ4 என்ற பலகையில் ஈஎஸ்பி32-உம், டிஎம்சி2209 மோட்டார் டிரைவர்கள் (மோட்டாருக்கு மின்னோட்டம் செலுத்தும் சில்லுகள்) நான்கும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருகின்றன. சாலிடரிங் பழகாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பலகையை இணையத்தில் வரவழைக்க வேண்டியிருக்கும். கம்பி, இணைப்பான், வெப்பச் சுருக்கக் குழாய், மல்டிமீட்டர் போன்றவற்றுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்கு ஒருமுறை போய்வந்தால் போதும். மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ளது டவரில். கணினிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற சிம் லிம் சதுக்கம் வேறு கட்டடம்.

எண்களே முதலில்

மோட்டாரை வாங்கும் முன் காகிதத்தில் கணக்கைப் போட்டுவிட வேண்டும். இந்தக் கருவி முழுவதும் ஒரே ஓர் எண்ணைச் சார்ந்து நிற்கிறது: மவுண்ட் ஒரு பாகை திரும்ப மோட்டார் எத்தனை படிகள் எடுக்க வேண்டும்?

நெமா 17 அளவுள்ள, படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார்கள் இந்த மவுண்டுக்குப் போதும். அவற்றில் ஒரு படிக்கு 1.8 பாகை திரும்பும் வகை ஒரு சுற்றுக்கு 200 படிகளும், 0.9 பாகை திரும்பும் வகை 400 படிகளும் எடுக்கும். பின்னதையே தேர்ந்தெடுங்கள், விலை வேறுபாடு சிறிது, நுட்பத்தில் கிடைக்கும் ஆதாயம் இரு மடங்கு. மோட்டார் அச்சில் ஜிடி2 வகைப் பல்பெல்ட்டுக்கான 20 பற்கள் கொண்ட புல்லியும், வார்ம் அச்சில் 60 பற்கள் கொண்ட புல்லியும் பொருத்தினால் 3-க்கு 1 என்ற குறைப்பு விகிதம் கிடைக்கும். டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரிக்கட்டும். அப்போது, 400 × 16 × 3 × 144 = 27,64,800 நுண்படிகளில் துருவ அச்சு ஒரு முழுச் சுற்றை முடிக்கும். அதை 360-ஆல் வகுத்தால் பாகைக்கு 7,680 படிகள். ஒரு பாகையில் 3,600 வில்விநாடிகள் இருப்பதால், ஒரு நுண்படி ஏறத்தாழ 0.47 வில்விநாடி. சிங்கப்பூரில் காற்று நிதானமாக உள்ள இரவிலும் விண்மீனின் பிம்பம் இதைவிடப் பெரிதாகவே பரவியிருக்கும் என்பதால், இந்த நுட்பம் போதுமானது.

வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். விண்மீன்கள் விநாடிக்கு 15.04 வில்விநாடி நகர்கின்றன. அதைப் பின்தொடர, விநாடிக்கு 32 நுண்படிகள் போதும். இலக்கை நோக்கி விநாடிக்கு 2 பாகை வேகத்தில் திரும்ப 15,360 நுண்படிகள் வேண்டும். அதாவது மோட்டார் நிமிடத்துக்கு 144 சுற்றுகள் சுழல வேண்டும். ஸ்டெப்பர் மோட்டாருக்கு இது எட்டக்கூடிய வேகமே. பெல்ட் குறைப்பை 3-க்குப் பதில் 6 ஆக்கினால் நுட்பம் கூடும். ஆனால் அதே வேகத்தில் திரும்ப மோட்டார் இரு மடங்கு வேகமாகச் சுழல வேண்டும், சுழற்சி வேகம் கூடக் கூட ஸ்டெப்பரின் முறுக்குவிசை குறைந்து படி தவறும். ஒன்றை வாங்க இன்னொன்றை விட்டுக்கொடுக்கும் இந்தக் கணக்கை உங்கள் மவுண்டுக்காக ஒருமுறையேனும் கையால் போட்டுப் பாருங்கள். வார்ம் கியரின் பற்கள் எத்தனை என்பது ஐயமாக இருந்தால், குமிழைக் கையால் சுற்றி, மவுண்ட் 90 பாகை திரும்ப எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். 36 சுற்று என்றால் 144 பற்கள்.

200 மில்லிமீட்டர் நீளமுள்ள மூடிய ஜிடி2 பெல்ட்டை இந்த இரு புல்லிகளுக்கும் பயன்படுத்தினால், அச்சுகளுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ 58.6 மில்லிமீட்டர் வரும். மோட்டாரைத் தாங்கும் தகட்டில் துளைகளை வட்டமாக இடாமல் நீள்துளைகளாக இட்டால் பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்யலாம். அலுமினியத் தகடு சிறந்தது. முப்பரிமாண அச்சில் எடுப்பதாயின் பிஎல்ஏ பிளாஸ்டிக்கைத் தவிர்த்து பிஇடிஜி அல்லது ஏஎஸ்ஏவைப் பயன்படுத்துங்கள். பிஎல்ஏ 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அந்த வெப்பம் எளிதில் எட்டிவிடும். மோட்டாரின் அச்சு 5 மில்லிமீட்டர். வார்ம் அச்சின் குறுக்களவு மவுண்டுக்கு மவுண்ட் மாறும் என்பதால் வெர்னியரால் அளந்த பிறகே புல்லியை வாங்க வேண்டும்.

மின்னிணைப்பு

ஸ்டெப்பர் மோட்டாரிலிருந்து நான்கு கம்பிகள் வரும்; இரண்டிரண்டாக இரு சுருள்கள். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் எந்த இரண்டுக்கிடையே சில ஓம் மின்தடை காட்டுகிறது என்று பார்த்து இணைகளைப் பிரியுங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால், இரு கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டு அச்சைச் சுழற்றிப் பாருங்கள். சுழற்றக் கடினமானால் அவை ஒரே சுருளைச் சேர்ந்தவை. மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் ஒரு சுருளின் இரு கம்பிகளை மட்டும் மாற்றலாம், அல்லது அமைப்புக் கோப்பிலேயே திசையை மாற்றலாம்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டாரின் இணைப்பைக் கழற்றவோ செருகவோ கூடாது. சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென அறுபடும்போது எழும் மின்னழுத்தம் டிரைவரைக் கருக்கிவிடும். இருட்டில் கம்பியில் கால் தடுக்கி இணைப்புப் பிரியக்கூடும் என்பதால், திருகி இறுக்கும் விமான வகை இணைப்பான்களைப் பயன்படுத்துங்கள். தனித்தனி டிரைவர்களைச் செருகும் பலகை என்றால், ஒவ்வொரு டிரைவரின் மின்னூட்ட முனைகளுக்கு அருகிலும் 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்க வேண்டும். ஏ4988 போன்ற பழைய டிரைவர்களில் மின்னோட்டத்தைச் சிறு திருகால் அமைக்க வேண்டும்: உணர் மின்தடை 0.1 ஓம் எனில், 0.8 வோல்ட் குறிப்பு மின்னழுத்தம் 1 ஆம்பியரைத் தரும். டிஎம்சி2209-இல் இந்த வேலை இல்லை; மில்லி ஆம்பியரில் எண்ணாகவே எழுதிவிடலாம். அந்த டிரைவருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: அதன் அமைதி முறையில் மோட்டாரின் ஓசை கிட்டத்தட்டக் கேட்காது. நள்ளிரவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தை ஒட்டித் தொலைநோக்கியை இயக்குபவர் அண்டை வீட்டாருக்காக இதைத் தேர்ந்தெடுப்பது முறை. தாழ்வாரத்தில் வைப்பதானால் முக்காலி நடைவழியை அடைக்காமலும் இருக்க வேண்டும்; அது தீயணைப்புப் பாதுகாப்பு விதி.

வீட்டில் சோதிக்க 12 வோல்ட், 5 ஆம்பியர் மின்வழங்கி போதும். சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை பெற்ற அடாப்டரையே வாங்குங்கள். வெளியிடங்களுக்கு 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் வசதியானது. அதன் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.

அமைப்புக் கோப்பு

ஆர்டுயினோ மென்பொருளில் ஆன்ஸ்டெப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து, பலகையின் பெயர், மவுண்டின் வகை, ஒவ்வோர் அச்சுக்கும் டிரைவரின் பெயர், நுண்படி எண்ணிக்கை, மின்னோட்டம், பாகைக்கு எத்தனை படி என்ற மதிப்பு ஆகியவற்றை எழுதிப் பலகையில் ஏற்ற வேண்டும். வார்ம் ஒரு சுற்றுக்கு எத்தனை படி என்றும் கேட்கும். நம் எடுத்துக்காட்டில் 27,64,800-ஐ 144-ஆல் வகுத்து 19,200 என எழுத வேண்டும். வைஃபையின் கடவுச்சொல்லையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

இடத்தையும் நேரத்தையும் பதியும்போது இங்குள்ளவர்கள் தவறாமல் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எல்எக்ஸ்200 வழக்கப்படி மேற்குத் தீர்க்கரேகையே நேர்க்குறி, கிழக்கு எதிர்க்குறி. ஆகவே சிங்கப்பூரின் 103 பாகை 50 கலை (கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) கிழக்கை ஆன்ஸ்டெப்பின் இணையப் பக்கத்தில் −103:50 என எழுத வேண்டும். நேர வேறுபாடும் அவ்வாறே: உலகப் பொது நேரத்தைவிட நாம் 8 மணி நேரம் முன்னே இருந்தாலும் இங்கே −8 என்றே இட வேண்டும். கைபேசிச் செயலி வழியாகப் பதிந்தால் செயலியே இதை மாற்றிக்கொள்ளும். குறி தவறினால், கண்முன்னே ஒளிரும் வியாழன் அடிவானத்துக்குக் கீழே இருப்பதாகக் கருவி மறுத்துவிடும். மின்சாரம் நின்றாலும் நேரத்தைக் காக்க டிஎஸ்3231 கடிகாரத் துணுக்கு ஒன்றைச் சேர்க்கலாம்.

வெளியே கொண்டுபோகும் முன்

வானம் மேகமாக இருக்கும் மாலைகள் இங்கே ஏராளம். அவற்றில் ஒன்றைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். மோட்டாரின் புல்லியில் ஒரு துண்டு நாடாவை ஒட்டி, பின்தொடரும் இயக்கத்தைத் தொடங்கி, நிறுத்துக்கடிகாரத்தோடு அமருங்கள். பூமி ஒருமுறை சுழல எடுக்கும் 86,164 விநாடிகளை, மோட்டாருக்கும் துருவ அச்சுக்கும் இடையிலான 432 என்ற விகிதத்தால் வகுத்தால் 199.45 விநாடி வரும். மோட்டார் ஒரு சுற்றுக்கு அவ்வளவு நேரமே எடுக்க வேண்டும். பத்துச் சுற்றுக்கு 33 நிமிடம் 14.5 விநாடி. இதில் பிழை தெரிந்தால் பல் எண்ணிக்கையிலோ நுண்படியிலோ தவறு இருக்கிறது. பிறகு திசையைப் பாருங்கள்: தெற்கே நின்று வடக்கு நோக்கினால் துருவ அச்சு இடஞ்சுழியாகத் திரும்ப வேண்டும். தொலைநோக்கியை ஏற்றி, எல்லாத் திசைகளிலும் முழு வேகத்தில் திருப்பி, கம்பிகள் எங்கும் இழுபடவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். பகலில் சோதிக்கும்போது தொலைநோக்கியின் மூடி மூடியே இருக்கட்டும். கருவி தானே திரும்பும்போது சூரியனைக் கடந்து போகக்கூடும்.

துருவ விண்மீன் இல்லாத ஊரில் அச்சை நேராக்குதல்

உலகெங்கும் உள்ள வழிகாட்டிகள் துருவ விண்மீனை நோக்கி அச்சைத் திருப்பச் சொல்லும். சிங்கப்பூரில் அது அடிவானத்தை ஒட்டிய மங்கலிலும் கட்டடங்களுக்குப் பின்னாலும் மறைந்துவிடுவதால், வேறு வழிகளை நாட வேண்டும்.

சாய்வு எளிது. மின்னணுக் கோணமானியை அச்சோடு ஒட்டிய தட்டையான பரப்பில் வைத்து 1.35 பாகைக்குக் கொண்டுவாருங்கள். கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் என்றால், அச்சை முற்றிலும் கிடைமட்டமாக வைத்தாலும் குற்றமில்லை: 1.35 பாகைப் பிழையால் விண்மீன் நகரும் அளவு, மிக மோசமான நிலையிலும் நிமிடத்துக்கு 21 வில்விநாடியே. அரைப் பாகைப் பார்வைப்புலத்தின் நடுவிலிருந்து விளிம்பை எட்ட அதற்கு நாற்பது நிமிடத்துக்கு மேலாகும். நில நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதால் நமக்குக் கிடைக்கும் சலுகை இது.

திசையில்தான் கவனம் வேண்டும். திசைகாட்டி, முக்காலியின் இரும்பையும் கட்டடத்தின் கம்பிகளையும் கண்டு தடுமாறும். சிங்கப்பூர் அரசின் ஒன்மேப் இணைய வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தையும், தொலைவில் தெரியும் ஒரு கட்டடத்தின் மூலையையும் குறித்து, அவற்றுக்கிடையிலான திசைக்கோணத்தை அளந்துகொள்ளுங்கள். தொலைநோக்கியால் அந்த மூலையைப் பார்த்து, அங்கிருந்து வடக்கைக் கணக்கிடலாம். பார்வைக்கு இவ்வளவு போதும். மீதிப் பிழையை, சில விண்மீன்களைக் காட்டிச் செய்யும் ஆன்ஸ்டெப்பின் சீரமைப்பு ஈடுசெய்யும்.

படம் எடுப்பவர்களுக்கு இது போதாது. நினா மென்பொருளின் மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு, வானின் எந்தப் பகுதியையும் மூன்று முறை படமெடுத்து, அதிலுள்ள விண்மீன்களை அட்டவணையோடு ஒப்பிட்டு அச்சின் பிழையைச் சொல்லிவிடும். துருவம் தெரியத் தேவையில்லை. கேமரா இல்லாதவர் விலகல் முறையைக் கையாளலாம். தலைக்கு மேலே, உச்சிக்கோட்டுக்கு (வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே செல்லும் கோடு) அருகில், வான நடுவரையை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலான வான் கோடு) ஒட்டிய ஒரு விண்மீனைக் குறுக்குக்கம்பி உள்ள கண்ணருகு வில்லையில் நிறுத்திப் பின்தொடருங்கள். அது தெற்கே விலகினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே விலகினால் மேற்கே. அடுத்து, கிழக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு விண்மீன்: தெற்கே விலகினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே விலகினால் உயர்ந்திருக்கிறது. ஒரு பாகைப் பிழைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 வில்விநாடி விலகல் என்ற கணக்கை வைத்துக்கொண்டால், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்தே திருப்பலாம்.

தலைக்கு மேலே

ஓரியன் விண்மீன்குழுவின் இடைவார் சிங்கப்பூரில் உச்சியிலிருந்து மூன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் கடந்து போகிறது. காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியே ஓரியன் நெபுலாவைப் பார்க்கும் பேறு அது. ஆகவே மென்பொருளில் தலைக்கு மேலான எல்லை தாழ்வாக அமைக்கப்பட்டிருந்தால் 90 பாகைக்கு உயர்த்துங்கள். உயரம்–திசை வகை மவுண்டை மோட்டாரில் இயக்குபவர்களுக்கு இதே இடம்தான் மிகக் கடினமானது: உச்சியை நெருங்கும் விண்மீனைத் தொடர, திசை அச்சு வழக்கத்தைப் போல் முப்பது மடங்குக்கும் மேலான வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். ஈக்குவடோரியல் மவுண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் அதையே பரிந்துரைப்பதற்கு முதன்மைக் காரணமும் இதுவே. ஆனால் அதில் உச்சிக்கோட்டைக் கடந்ததும் தொலைநோக்கி மறுபுறம் புரள வேண்டும். குழாய் முக்காலியில் இடிக்காமல் எத்தனை பாகை கடந்து போக முடியும் என்று கையால் அளந்து, அந்த எண்ணையே எல்லையாக எழுதுங்கள்.

நீண்ட நேரம் படமெடுப்பவர் இறுதியாக வார்ம் கியரின் பிழையைத் திருத்த வேண்டும். 144 பல் கியரில் வார்ம் ஒருமுறை சுற்ற 598 விநாடி ஆகும். கியரின் நுண்ணிய ஏற்றத்தாழ்வு அந்தக் கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். வழிகாட்டும் கேமராவோடு பிஎச்டி2 மென்பொருளை இயக்கிக்கொண்டே ஆன்ஸ்டெப்பில் அந்தப் பிழையைப் பதியச் செய்தால், அடுத்த சுற்றிலிருந்து அது தானே ஈடுசெய்யும். பலகையை மூடிய பெட்டியில் வைத்து, இணைப்பான்களைப் பயன்பாட்டுக்குப் பின் மூடி, முடிந்தால் கேமராக்களை வைக்கும் உலர் பெட்டியிலேயே சேர்த்து வையுங்கள். இந்த ஊரின் ஈரப்பதத்தில் யூஎஸ்பி முனைகளே முதலில் துருப்பிடிக்கும். அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்றையும் கணினியில் வைத்திருங்கள். மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றும்போது உங்கள் எண்களை மீண்டும் எழுத அது உதவும்.